898-ஐச் சுழற்றினால் குகை திறக்கும்

போன வருடம் இங்கிலாந்தின் ரெடிங்கில், வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஞாயிறு காலை நடக்கும் கார் பூட் சேலில் (வீட்டில் வேண்டாத பொருள்களைக் கார் டிக்கியில் வைத்து விற்கும் சந்தை), 12 பவுண்டுக்கு ஒரு பழைய டயல் தொலைபேசி வாங்கினேன். 746 என்று அழைக்கப்படும் மாடல். 1960-களின் கடைசியிலிருந்து பல வருடங்கள் இங்கிலாந்தின் பாதி வீடுகளில் இதுதான் இருந்திருக்கும். விற்றவர் பையில் போடும்போது அடியில் விரிப்பாக இரண்டு பழைய விளையாட்டுப் பத்திரிகைகளையும் சேர்த்துப் போட்டுவிட்டார். போன் ஒரு வாரம் மேசையில் தூங்கியது. பத்திரிகையைத்தான் முதலில் புரட்டினேன். அதில் ஒரு அரைப்பக்க விளம்பரம்: 0898-இல் தொடங்கும் எண்ணைச் சுழற்றுங்கள், அரக்க இளவரசனின் கோட்டைக்குள் நுழையுங்கள்.

அது ஃபிஸ்ட். தொலைபேசியில் ஆடும் கற்பனை சாகச விளையாட்டு, 1988-இல் வந்தது. உருவாக்கியவர் ஸ்டீவ் ஜாக்சன், ஃபைட்டிங் ஃபேண்டசி புத்தக வரிசையை இயன் லிவிங்ஸ்டனோடு சேர்ந்து தொடங்கியவர். (அமெரிக்காவிலும் அதே பெயரில் ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர் இருக்கிறார். இவர் இங்கிலாந்துக்காரர்.) அந்தப் புத்தகங்களை ஆடியவர்களுக்குத் தெரியும்: ஒரு பத்தி படிப்பீர்கள், இடப்பக்கக் கதவென்றால் இந்த எண்ணுள்ள பத்திக்குப் போ, வலப்பக்கமென்றால் அந்த எண்ணுக்குப் போ என்று முடியும். சண்டை வந்தால் பகடை. ஃபிஸ்டில் இதையெல்லாம் குரலும் கணினியும் பார்த்துக்கொண்டன. கேசில் மேமன் என்பது முதல் சாகசம். 0898 எண்களுக்கு அப்போது நிமிடத்துக்கு 38 பென்ஸ், மலிவு நேரத்தில் 25 பென்ஸ். வீட்டில் பில் வந்த அன்று உண்மையான அரக்கன் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

இதை நாமே வீட்டுக்குள் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. மகளுக்கு 11 வயது. தமிழ் புரியும், பேசச் சோம்பல். கதையைத் தமிழில் வைத்தால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

முதல் வேலை எளிது. அலமாரியில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினியில் அஸ்டரிஸ்க் நிறுவினேன். கணினியைத் தொலைபேசி இணைப்பகமாக்கும் இலவச மென்பொருள் இது, மார்க் ஸ்பென்சர் என்பவர் 1999-இல் எழுதத் தொடங்கியது. ‘தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்’ என்று சொல்லும் குரல்களில் பல இதன் மேல்தான் ஓடுகின்றன. சாதாரண போனை வலைப்பின்னலில் இணைக்க ஏடிஏ என்ற தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று வேண்டும். அதுவும் வாங்கினேன். டயல் போனை அப்படியே ஓரம் வைத்துவிட்டு, முதல் பதிப்பை ஒரு சாதாரண பட்டன் போனில் முயன்றேன்.

கதை: மலைமேல் ஒரு கோட்டை, அடியில் சுரங்கம், கையில் ஒரு அகல் விளக்கு, எண்ணெய் கொஞ்சம்தான். ஒவ்வொரு காட்சிக்கும் என் குரலில் ஒரு ஒலிக்கோப்பு. படுக்கையறை அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே பதிவு செய்தேன். எதிரொலி வராது. மனைவி ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

பதிவு செய்ததைத் தொலைபேசித் தரத்துக்கு இறக்க வேண்டும். தொலைபேசி வழியே ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஒலியை விநாடிக்கு 8000 மாதிரிகளாக வெட்டுவார்கள். நல்ல மைக்கில் கம்பீரமாக இருந்த என் குரல் இதில் போய் வந்ததும் ரயில் நிலைய அறிவிப்பாகிவிட்டது. பின்னணியில் சொட்டும் தண்ணீர்ச் சத்தம் சேர்த்திருந்தேன். அது எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலக் கேட்டது. எடுத்துவிட்டேன்.

முதல் சோதனை ஓட்டம். மகள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சோபாவில் சரிந்திருக்கிறாள். நான் எதிரே கணினித் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்துக்குள் வந்துவிட்டாள். ‘சுவரில் ஒரு வாள் தொங்குகிறது. அதை எடுக்க 1’ என்கிறது என் குரல். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு 2-ஐ அழுத்துகிறாள். அடுத்த அறையில் காவல்பூதம். வெறுங்கையோடு போனதால் மூன்றே அடியில் கதை முடிந்தது.

“வாளை ஏன்டா எடுக்கல?”

“வாலா? சீ, யாருடைய வால்னு தெரியாம எப்படிப்பா எடுக்கறது?”

தொலைபேசி ஒலியைக் குறை சொல்லிப் பார்த்தேன். மனைவி பதிவை நேராகக் கேட்டுவிட்டு, என் உச்சரிப்பிலேயே வால்தான் தொங்குகிறது என்றாள். வாளைக் கத்தியாக்கிவிட்டேன். அதோடு கதை முழுவதையும் ஒருமுறை காதால் மட்டும் படித்தேன். ‘கல்’, ‘கள்’, ‘அரை’, ‘அறை’ எல்லாம் போயின. புத்தகத்தில் சந்தேகம் வந்தால் கண் ஒரு வரி மேலே போய் வரும். போனில் ஒலி போனால் போனதுதான்.

தேர்வுகளைச் சொல்வதிலும் ஒரு பாடம். முதலில் எழுதியபோது ஆங்கில எந்திரக் குரல்களின் பழக்கத்தில் ‘1-ஐ அழுத்தினால் கிணற்றில் இறங்கலாம், 2-ஐ அழுத்தினால்...’ என்று எழுதியிருந்தேன். மகள் ஒவ்வொரு முறையும் “கிணறு எத்தனை?” என்று கேட்டாள். எண் முதலில் வந்தால், அது எதற்கு என்று தெரிவதற்குள் மறந்துவிடுகிறது. ‘கிணற்றில் இறங்க, 1’ என்று மாற்றியதும் கேள்வி நின்றது. வினையைச் சொல்லிவிட்டு எண்ணைக் கடைசியில் வைப்பதுதான் தமிழுக்கும் இயல்பு, நான்தான் வலிந்து திருப்பியிருக்கிறேன். தேர்வுகளும் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நான்காவது சொல்லும்போது முதலாவது காற்றில் போய்விடுகிறது.

அப்புறம் தொழில்நுட்பக் கோளாறுகள். அஸ்டரிஸ்கில் ஒலியை ஒலிக்க பிளேபேக், பேக்கிரவுண்ட் என்று இரண்டு கட்டளைகள். முதலாவதில் குரல் முடியும் வரை பட்டனை அழுத்தியும் பயனில்லை. இரண்டாவதில் பாதியிலேயே அழுத்திப் போகலாம். ஏழாவது முறை செத்து அதே முன்னுரையைக் கேட்பவளுக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. நான் எல்லா இடத்திலும் பிளேபேக் போட்டிருந்தேன்.

அடுத்தது விசித்திரமானது. 2-ஐ ஒருமுறை அழுத்தினால், ஒரு அறையைத் தாண்டி அதற்கடுத்த அறைக்கே போய்விடுகிறது. பட்டன் போனில் ஒவ்வொரு எண்ணும் இரண்டு சுருதிகளின் கூட்டு. 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். ஏடிஏ அந்த ஒலியை அப்படியே குரலோடும் அனுப்பியது, ‘2 அழுத்தப்பட்டது’ என்று தனிச் செய்தியாகவும் அனுப்பியது. அஸ்டரிஸ்க் இரண்டையும் எண்ணிக்கொண்டது. ஏடிஏ அமைப்பில் நான் இரண்டு பெட்டியிலும் டிக் போட்டு வைத்ததன் விளைவு. ஒன்றை எடுத்ததும் சரியானது. கண்டுபிடிக்க இரண்டு மாலைகள்.

சண்டைக்கு ஃபைட்டிங் ஃபேண்டசி முறையையே எடுத்துக்கொண்டேன்: இரு தரப்புக்கும் இரண்டு பகடை, அதோடு அவரவர் திறன், குறைந்தவருக்கு உடல்வலுவில் 2 போகும். பகடைக்கு அஸ்டரிஸ்கிலேயே சீரற்ற எண் தரும் வசதி உண்டு. உடல்வலு, எண்ணெய், கையிலுள்ள பொருள்கள் எல்லாம் அதனுள்ளே இருக்கும் சின்னத் தரவுத்தளத்தில். ஒவ்வொரு அடிக்கும் விவரணை பதிவு செய்திருந்தேன். ஒரு நாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், முதல் பூதம் விழுவதற்கு 11 நிமிடம். 1988-இன் கட்டணத்தில் 4 பவுண்டு 18 பென்ஸ். அந்தக் காலத்தில் இதை நடத்தியவர்களுக்கு நிதானமாகப் பேசும் கதைசொல்லியைக் கண்டால் நிச்சயம் பிடித்திருக்கும். எனக்கு யாரும் நிமிடத்துக்குக் கொடுக்கவில்லை என்பதால் சண்டை முழுவதையும் நான்கு வாக்கியமாகச் சுருக்கினேன்.

சரி, இதுவரை பட்டன் போன். ஆனால் வாங்கியது 746. அது சும்மா இருக்கலாமா?

இணைத்தேன். டயல் டோன் வந்தது, மணி மட்டும் அடிக்கவில்லை. பிளக் பொருத்தி மாற்றிய இந்த மாதிரி பிரிட்டிஷ் போன்களின் மணிக்குத் தனியாக மூன்றாவது கம்பி ஒன்று உண்டு. அதற்கான மின்தேக்கி சுவரிலிருக்கும் முதன்மை சாக்கெட்டில் இருக்கும். நான் வாங்கிய மலிவு இணைப்பானில் இரண்டு கம்பிதான். மின்தேக்கி உள்ளே வைத்த இணைப்பான் சில பவுண்டுதான், அதை மாட்டியதும் மணி வீட்டை எழுப்பியது. அந்தச் சத்தத்தை எந்த ஸ்பீக்கராலும் செய்ய முடியாது. நிஜ உலோகக் கிண்ணத்தில் நிஜ அடி.

டயல் தனிக் கதை. எண்ணைச் சுழற்றி விட்டதும் அது திரும்பி வரும்போது, அந்த எண் எத்தனையோ அத்தனை முறை இணைப்பை விட்டுவிட்டுத் துண்டிக்கும். விநாடிக்கு 10 துண்டிப்பு என்பது கணக்கு. 0 என்றால் பத்து. என்னுடையது சோம்பேறி. 0-வைச் சுழற்றிவிட்டு அந்தக் கட கட சத்தத்தைக் கணினியில் பதிவு செய்து அலைவடிவத்தில் அளந்தேன். பத்து துடிப்புக்கு 1.3 விநாடி. ஏடிஏ பெட்டிக்குக் குழப்பம் வந்து எண்களை மாற்றிப் புரிந்துகொண்டது. டயலைக் கழற்றினால் பின்புறம் ஒரு குட்டி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. சுழலும்போது இரண்டு சிறு எடைகள் வெளியே விரிந்து ஒரு கிண்ணத்தின் உட்சுவரில் உரசி வேகத்தைப் பிடித்து வைக்கும். உற்சாகத்தில் எங்கும் எண்ணெய் விட்டேன். எண்ணெய் கிண்ணத்துக்குள்ளும் போய்விட்டது. உராய்வு போனதும் டயல் பேய் பிடித்ததுபோல ஓடியது. இப்போது அளந்தால் 0.7 விநாடி. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு, அச்சின் இரண்டு முனைகளில் மட்டும் ஊசி முனையால் கடிகார எண்ணெய் தொட்டு வைத்தேன். 1 விநாடிக்கு ஒரு மயிரிழை கூட. போதும்.

898-ஐச் சுழற்றினேன். 0898-இன் நினைவாக விளையாட்டுக்கு நான் கொடுத்த எண் அது. முன்னுரை ஒலித்தது. ‘கிணற்றில் இறங்க, 1.’ சுழற்றினேன். டிக். ஒன்றும் நடக்கவில்லை. என் பெட்டி டயல் துடிப்புகளை அழைப்பின் தொடக்கத்தில் மட்டும்தான் படிக்கிறது. பேச்சு இணைந்த பிறகு அவை வெறும் சத்தம்.

போனுக்குள்ளே வைத்து, துடிப்பைச் சுருதியாக மாற்றும் சிறு பலகைகள் கிடைக்கின்றன. இங்கே பல வீடுகளில் டயல் போன் வைத்திருப்பவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். வாங்கப் போய் கூடையில் போட்டும் விட்டேன். அன்றிரவு அந்தப் பழைய விளம்பரத்தை மறுபடி பார்த்தபோது வேறொன்று தோன்றியது. புத்தகத்தில் ஒரு பத்தி முடிந்ததும் என்ன செய்கிறோம்? நிறுத்துகிறோம். யோசிக்கிறோம். பிறகு எண்ணைத் தேடிப் புரட்டுகிறோம். போனிலும் அப்படியே செய்தால்? காட்சி முடிந்ததும் அழைப்பைத் துண்டித்துவிடுவது. ‘கிணற்றில் இறங்க, 24. படியில் ஏற, 31.’ ரிசீவரை வை. யோசி. எடு. எண்ணைச் சுழற்று. ஒவ்வொரு காட்சியும் ஒரு தொலைபேசி எண்.

கூடையைக் காலி செய்தேன்.

எல்லாவற்றையும் இரட்டை இலக்க எண்களாக்கினேன். இலக்கங்கள் 1 முதல் 6 வரை மட்டும். 9-உம் 0-வும் டயலில் சுற்றி வர நேரமாகும். நியூயார்க்குக்கு 212 என்ற எண்ணைக் கொடுத்ததும் பெரிய ஊருக்கு விரல் வேலை குறையட்டும் என்றுதான் சொல்வார்கள். ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 காட்சிகள். இரண்டு பகடையை அருகருகே வைத்துப் படித்தால் வரும் அதே 36 என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ‘இந்த மாதிரியில் இரண்டு இலக்கம் வந்ததும் உடனே அனுப்பு’ என்று ஏடிஏ-வில் எழுதி வைத்தேன். இல்லாவிட்டால் மூன்றாவது இலக்கம் வருமோ என்று சில விநாடி காத்துக்கொண்டே நிற்கும்.

மகள் மூன்றாவது நாளே 66-ஐச் சுழற்றிவிட்டாள். நேராகப் புதையல் அறை. கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதில் அவள் அம்மா மாதிரி. இப்போது ஒவ்வொரு காட்சியும், கடைசியாக எங்கே இருந்தாய், இங்கே வர வழியுண்டா என்று தரவுத்தளத்தில் பார்க்கிறது. வழியில்லாமல் வந்தால் பொறிக்குழி. அதற்கு ஒரு தனிப் பதிவு வைத்திருக்கிறேன், என் குரலிலேயே நல்ல நக்கல்.

அந்தக் கோடையில் அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். பேத்தி சுழற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “விரலை எடும்மா, டயல் தானா திரும்பி வரணும். நீ தள்ளினா ராங் நம்பர்தான்” என்றார். அவள் டயலோடு விரலையும் வைத்து வேகமாகத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரு வாரமாகப் பெட்டியின் அமைப்பில் தேடிக்கொண்டிருந்த பிழை அது.

துண்டித்துவிட்டு யோசிக்கும் இந்த முறையில் எதிர்பாராத வசதி ஒன்று இருந்தது. ரிசீவர் கீழே இருக்கிறது என்றால், விளையாட்டு நம்மை அழைக்கலாம்! அஸ்டரிஸ்கில் ஒரு சிறு உரைக்கோப்பை எழுதி அவுட்கோயிங் கோப்புறைக்குள் நகர்த்தினால் அது தானாக அழைக்கும். கோப்பின் தேதி நேரத்தை எதிர்காலத்துக்கு மாற்றி வைத்தால் அந்த நேரம் வரும்வரை காத்திருக்கும். வேறு இடத்தில் முழுதாக எழுதிவிட்டுத்தான் உள்ளே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கோப்பையே படித்துவிடும். சுரங்கத்துக்குள் விளக்கை அணைக்காமல் ரிசீவரை வைத்தால், 20 நிமிடத்தில் மணி அடிக்கும்படி எழுதினேன். முதல் தடவை அடித்தபோது மகள் ஹோம்வொர்க்கைப் போட்டுவிட்டு ஓடி வந்த வேகம் இருக்கிறதே, அதற்காகவே இத்தனை மாலைகளும் போகலாம்.

ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அவள் விளக்கை அணைக்காமல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். அது தெரியாமல் நான் ஐந்தே நிமிடத்தில் ராஸ்பெர்ரி பையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். பதினொன்றரை மணிக்கு ஒரு காட்சியைத் திருத்தலாம் என்று மாடியில் உட்கார்ந்தபடியே மீண்டும் இயக்கினேன். அஸ்டரிஸ்க் எழுந்ததும், நேரம் கடந்துபோன கோப்பு ஒன்று காத்திருப்பதைக் கண்டு உடனே அழைத்தது.

போன் இருப்பது ஹாலில். அப்பா படுத்திருந்ததும் ஹாலில். நடுராத்திரி போன் மணிக்கு அவருடைய தலைமுறையில் ஒரே அர்த்தம்தான். நான் படியிறங்கி ஓடுவதற்குள் எடுத்துவிட்டார். “ஹலோ, யாரு? என்ன ஆச்சு?” என்று அவர் கேட்பதும், ரிசீவருக்குள்ளிருந்து என் குரல் “உன் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது” என்பதும் எனக்குப் படியிலேயே கேட்டது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அன்றிரவே இரண்டு வரி சேர்த்தேன்: இயங்கத் தொடங்கும்போது பழைய கோப்புகளை அழி, இரவு எட்டுக்குப் பிறகு புதியது எழுதாதே.

காலையில் காபி கலந்துகொண்டிருந்தபோது ஹாலில் டயல் திரும்பும் சத்தம் கேட்டது. எட்டு. நீண்ட ஒன்பது. எட்டு. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அப்பாவின் குரல்: “இந்தச் சுரங்கத்துல எண்ணெய் எங்கடா கிடைக்கும்?”